பொரிக்கு வயிறு சரியில்லை
குழு: ஆச்சி வீட்டுப் பிள்ளைகள்

சனிக்கிழமை, காலை

வித்யா: எங்கள் புது நாய்க்குட்டி பொரிக்கு ராத்திரியிலிருந்து வயிற்றுப்போக்கு. தண்ணீராகப் போகவில்லை, கூழ் பதம். மஞ்சள் நிறம், கொஞ்சம் சளியும் இருக்கிறது. புதன்கிழமைதான் வீட்டுக்கு வந்தான், அதற்குள் இப்படி. போட்டோ போட்டிருக்கிறேன்.

லட்சுமி அத்தை: ஏண்டி, இட்லித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு இதைத் திறந்துவிட்டேன்!

சண்முகம் பெரியப்பா: லங்கணம் பரம ஔஷதம். இன்று முழுக்க ஒன்றும் கொடுக்காதே. வயிறு தானாக அடங்கும்.

பிரபு மாமா: மச்சான் சொல்வது சரி. நம் ராஜபாளையம் நாய்க்கு எப்போது வயிறு கெட்டாலும் ஒரு நாள் பட்டினிதான். மறுநாள் குதித்துக்கொண்டு நிற்பான்.

நந்தினி: வித்யாக்கா, பட்டினி மட்டும் போடாதே. பெரியப்பா, கோபித்துக்கொள்ளாதீர்கள். மாமா வீட்டு நாய்க்கு அது சரிப்படும். பொரி ஷிட்ஸு குட்டி, இரண்டு மாதம், ஒரு கிலோ சொச்சம் இருப்பான். இந்த அளவுக் குட்டிக்கு ஈரலில் சர்க்கரைச் சேமிப்பு ரொம்பக் குறைவு. சில மணி நேரம் சாப்பிடாமல் இருந்தாலே ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடும். முதலில் தள்ளாடும், நடுங்கும், அப்புறம் துவண்டு படுத்துவிடும். வலிப்பு வரைக்கும் போகும்.

சண்முகம் பெரியப்பா: படித்த பிள்ளை சொல்கிறாய். ஆனால் உள்ளே போகப் போகத்தானே வெளியே வரும்?

நந்தினி: வரட்டும் பெரியப்பா. வயிற்றுப்போக்கை டாக்டர் சரி பண்ணிவிடுவார். சர்க்கரை இறங்கினால் டாக்டரிடம் போய்ச் சேரவே நேரம் இருக்காது.

நந்தினி: அக்கா, இதற்கெல்லாம் பதில் சொல். வாந்தி உண்டா? ரத்தம் உண்டா? விளையாடுகிறானா? தடுப்பூசி அட்டையில் என்ன இருக்கிறது? பூச்சி மருந்து எப்போது கொடுத்தார்கள்? புதன்கிழமையிலிருந்து என்னவெல்லாம் வாய்க்குள் போனது?

வித்யா: வாந்தி இல்லை. ரத்தமும் இல்லை. விளையாட்டுக்குக் குறைச்சலே இல்லை, இப்போதுதான் இனியன் கால் கட்டைவிரலைக் கடித்தான். ஊசி 45ஆம் நாளில் ஒன்று போட்டதாக ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. பூச்சி மருந்து கொடுத்தாச்சு என்று வாயால் சொன்னார்கள், அட்டையில் ஒன்றும் இல்லை. அங்கே குழந்தைகளுக்கான சத்துமாவைக் கரைத்துக் கொடுத்தார்களாம். இங்கே வந்த அன்றைக்கே கார்த்தி பப்பி ஃபுட் வாங்கி வந்துவிட்டார், அதுதான் கொடுக்கிறோம். ஆச்சி தன் பங்குக்குப் பாலில் மேரி பிஸ்கட்டை ஊற வைத்துக் கொடுத்திருக்கிறாள். இனியன் ஒரு முறுக்கு.

பிரபு மாமா: கல்யாண வீட்டுப் பந்தி தோற்றுப்போகும்.

நந்தினி: பாலை இப்போதே நிறுத்து. தாய்ப்பால் மறந்த குட்டிக்கு மாட்டுப்பால் சர்க்கரையைச் செரிக்கிற சக்தி குறைந்துபோகும், அதுவே பேதியாகும். சத்துமாவிலிருந்து டிரை ஃபுட்டுக்கு ஒரே நாளில் மாற்றினாலும் குடல் தாங்காது. இடம் மாறிய பயம் வேறு. ஆனால் பூச்சி இல்லை என்று இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது, அதனால் டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும். ஈறைத் தொட்டுப் பார்த்தாயா?

வித்யா: எப்படிப் பார்ப்பது?

நந்தினி: மேல் உதட்டைத் தூக்கி, கோரைப்பல்லுக்கு மேலே ஈறில் விரலை வைத்து அழுத்தி எடு. வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் சிவக்க வேண்டும். ஈறு வழவழப்பாக ஈரமாக இருந்தால் நல்லது. விரலில் ஒட்டினால், உடம்பில் தண்ணீர் குறைகிறது என்று அர்த்தம்.

வித்யா: உடனே சிவந்துவிட்டது. ஈரமாகத்தான் இருக்கிறது. விரலையும் கடித்துவிட்டான்.

லட்சுமி அத்தை: *பல முறை பகிரப்பட்டது* மாதுளம் தோலைக் காயவைத்துப் பொடித்து மோரில் கலந்து...

லட்சுமி அத்தை: இல்லாவிட்டால் நமக்கு பேதியை நிறுத்த ஒரு மாத்திரை இருக்கிறதே, அதில் கால்வாசி?

நந்தினி: வேண்டாம் அத்தை. அந்த மாத்திரையில் இருக்கிற லோபரமைடு குடலின் ஓட்டத்தை மெதுவாக்கிவிடும். கிருமி இருந்தால் அதுவும் உள்ளேயே தங்கிவிடும். மாதுளம் தோலும் இவ்வளவு சின்ன உடம்புக்கு எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது.

சண்முகம் பெரியப்பா: பூச்சிக்குப் பூண்டு தட்டிக் கொடுக்கலாமே. எங்கள் காலத்தில் அதுதான்.

நந்தினி: பூண்டும் வெங்காயமும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும் பெரியப்பா. சாம்பார் சாதம்கூட அதனால்தான் கூடாது.

*சண்முகம் பெரியப்பா ஒரு செய்தியை நீக்கினார்*

வித்யா: சரி, இப்போது என்ன கொடுக்க? தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

நந்தினி: குழைய வேகவைத்த பச்சரிசிச் சாதம் இரண்டு பங்கு, தோலும் எலும்பும் இல்லாத கோழி நெஞ்சுக்கறி ஒரு பங்கு. வெறும் தண்ணீரில் வேகவைத்து நாராகப் பிய்த்துப் போடு. உப்பு, எண்ணெய், மஞ்சள் எதுவும் வேண்டாம். இரண்டு டேபிள்ஸ்பூன் அளவு, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை. குடிதண்ணீர் எப்போதும் பக்கத்தில் இருக்கட்டும்.

வித்யா: புரட்டாசி சனிக்கிழமையில் கோழியா? ஆச்சி என்னை வீட்டை விட்டு அனுப்பிவிடுவாள்.

லட்சுமி அத்தை: அம்மாவிடம் நான் பேசுகிறேன். பால்கனியில் இண்டக்‌ஷன் அடுப்பை வைத்துக்கொள்ளுங்கள். பாத்திரம் தனி.

கார்த்தி: பால்கனி தயார். சமைப்பது நான். ஆச்சி கதவைச் சாத்திக்கொண்டாள்.

நந்தினி: அத்தான், தேனும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். துவண்டால் விரலில் தொட்டு ஈறில் தேய்த்துவிட்டு டாக்டரிடம் ஓடுங்கள். மயங்கிக் கிடக்கும்போது வாய்க்குள் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறும்.

நந்தினி: ரத்தம், வாந்தி, சோர்வு, சகிக்க முடியாத நாற்றம், இவற்றில் ஒன்று வந்தாலும் மதியம் வரை காத்திருக்காதே அக்கா. நாய்க்குட்டியின் குடலைத் தாக்கும் பார்வோ வைரஸ் அப்படித்தான் ஆரம்பிக்கும். ஒரு ஊசி போட்டாச்சு என்று நம்பி இருக்க முடியாது. தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தியே ஊசியை வேலை செய்ய விடாமல் தடுக்கும். அதனால்தான் 16 வாரம் ஆகும்வரை மூன்று, நான்கு வாரத்துக்கு ஒருமுறை போடுகிறார்கள். பக்கத்து கிளினிக்கில் டெஸ்ட் வசதி இல்லையென்றால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போ. மலத்தைச் சின்ன டப்பாவில் எடுத்துக்கொண்டு போ.

சனிக்கிழமை, மாலை

வித்யா: போய் வந்தாச்சு. எடை 1.15 கிலோ, காய்ச்சல் இல்லை. பார்வோ கிட் டெஸ்ட் நெகடிவ். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் உருண்டைப்புழு முட்டை நிறைய. எடைக்குத் தகுந்தபடி பூச்சி மருந்து சிரப், குடலுக்கு ப்ரோபயாட்டிக் பவுடர். இரண்டு வாரம் கழித்து மறுபடி பூச்சி மருந்து. டாக்டர் முதலில் கேட்டதே ‘பட்டினி போட்டீர்களா?’ என்றுதான்.

சண்முகம் பெரியப்பா: சரி சரி.

லட்சுமி அத்தை: இங்கே வந்து நாலு நாள் ஆகவில்லை, அதற்குள் புழு எங்கிருந்து வந்தது?

நந்தினி: தாயின் வயிற்றிலேயே குட்டிக்கு வந்துவிடும் அத்தை, பாலிலும் வரும். அதனால்தான் இரண்டு வார வயதிலிருந்தே பூச்சி மருந்து கொடுக்க வேண்டும். அக்கா, இந்தப் புழு மனிதருக்கும் தொற்றும். பொரி போனதை உடனுக்குடன் எடுத்து இடத்தைச் சுத்தம் பண்ணு. இனியன் சாப்பிடுமுன் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும், முகத்தை நக்க விட வேண்டாம்.

வித்யா: இன்னொரு போட்டோ போடப் போகிறேன். சேமியா மாதிரி நெளிந்துகொண்டு வந்திருக்கிறது. சாப்பிடுகிறவர்கள் திறக்காதீர்கள்.

பிரபு மாமா: திறந்துவிட்டேன்.

நந்தினி: நல்லதுதான், மருந்து வேலை செய்கிறது. நாளைக்கும் வரலாம், பயப்படாதே.

செவ்வாய்க்கிழமை

கார்த்தி: மலம் கெட்டியாகிவிட்டது, கையில் எடுத்தால் ஒட்டவில்லை. பப்பி ஃபுட் திரும்ப ஆரம்பிக்கலாமா? பால்கனி சமையல் எனக்கு அலுத்துவிட்டது.

நந்தினி: ஆரம்பிக்கலாம் அத்தான், ஆனால் ஒரேயடியாக வேண்டாம். இரண்டு நாள் கால்வாசி, இரண்டு நாள் பாதி, அப்புறம் முக்கால். ஒரு வாரத்தில் முழுசாக மாறிவிடலாம். வெந்நீரில் ஊறவைத்து ஆறிய பிறகு கொடுங்கள். கண்ணளவில் போடாதீர்கள், பை மேலே எடைக்கு எத்தனை கிராம் என்று அட்டவணை இருக்கும். அதை ஒரு நாளைக்கு நான்காகப் பிரியுங்கள். அளவு கூடினாலும் பேதியாகும், நிறையப் பேர் அதை நோய் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

வித்யா: ஆச்சி கேட்கச் சொன்னாள். தயிர்சாதமாவது கொடுக்கலாமா?

நந்தினி: ஒரு ஸ்பூன், புளிக்காத தயிர், உப்பில்லாமல். அதுவும் இந்த வாரம் கழியட்டும். முந்திரி, திராட்சை, மாதுளை போட்ட ஆச்சியின் ஸ்பெஷல் தயிர்சாதம் ஒருபோதும் வேண்டாம். திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும், காய்ந்த திராட்சையும்தான்.

பிரபு மாமா: நந்தினி, நம் ராஜபாளையத்துக்குப் பூச்சி மருந்து கொடுத்து ஒரு வருஷம் ஆகியிருக்கும் போல. எடை 26 கிலோ. எத்தனை மாத்திரை?

நந்தினி: மாமா! பெரிய நாய்க்கும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கொடுக்க வேண்டும். மருந்துக்கு மருந்து அளவு மாறும். நாளைக் காலை அவனை உங்கள் ஊர்க் கால்நடை மருந்தகத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். வெறிநாய்க்கடி ஊசி தேதியையும் பார்த்துக்கொண்டு வாருங்கள்.