மாணவிகளைப் பல்லேகலவுக்கு அழைத்துச் செல்ல வேண்டும்: மகளிர் அணிகளின் சுற்றுப்பயணம் பற்றிச் சில கேள்விகள்

கேள்வி: ஹட்டன் ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். ஹட்டனுக்கு அருகிலுள்ள ஒரு தோட்டப் பாடசாலையில் நான் உடற்கல்வி கற்பிக்கிறேன். எங்கள் மாணவிகள் 14 பேர் பாடசாலை முடிந்த பின்னர் மென்பந்துக் கிரிக்கெட் ஆடுகிறார்கள். அவர்களுள் பெரும்பாலானோரின் தாய்மார் மலையில் கொழுந்து பறிப்பவர்கள். மாலையில் கொழுந்தை எடை போட்ட பின்னர் லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, திரும்பும் வழியில், மைதானத்தின் ஓரத்தில் சிறிது நேரம் நின்று தம் பிள்ளைகள் ஆடுவதைப் பார்த்துவிட்டுத்தான் அவர்கள் போகிறார்கள்.

2022 ஆம் ஆண்டு இந்திய மகளிர் அணி இலங்கைக்கு வந்தது. தம்புள்ளையில் மூன்று இருபது ஓவர் போட்டிகள் முடிந்ததும், ஜூலை 1, 4, 7 ஆகிய திகதிகளில் கண்டிக்கு அருகிலுள்ள பல்லேகல மைதானத்தில் மூன்று ஒருநாள் (50 ஓவர்) போட்டிகள் நடைபெற்றன. எங்களுக்கு ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கண்டிக்கு ஒரு சர்வதேச மகளிர் தொடர் வருகிறது என்பதே பெரிய செய்தியாக இருந்தது. ஒரு பஸ்ஸை வாடகைக்குப் பேசலாம் என்று பெற்றோரிடம் சொல்லி, ஆளுக்குக் கொஞ்சமாகப் பணமும் சேர்க்கத் தொடங்கியிருந்தோம். ஜூன் மாத இறுதியில், அத்தியாவசியச் சேவைகள் தவிர வேறெவருக்கும் ஜூலை 10 வரை எரிபொருள் வழங்கப்படமாட்டாது என்று அரசாங்கம் அறிவித்துவிட்டது. மூன்று போட்டிகளும் அந்த நாட்களுக்குள்ளேயே நடந்து முடிந்தன. சேர்த்த பணத்தைத் திருப்பிக் கொடுத்த அன்று, "அவங்க திரும்ப எப்ப வருவாங்க டீச்சர்?" என்று ஒரு பிள்ளை கேட்டாள். அவள் இப்போது பாடசாலையை விட்டே போய்விட்டாள்.

இனி எந்த நாட்டு மகளிர் அணி பல்லேகலவுக்கு வந்தாலும் பிள்ளைகளை அழைத்துச் சென்றே தீர வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறேன். அதற்கு முன்னர் அவர்கள் கேட்கும் சில கேள்விகளுக்குத் தெளிவாகப் பதில் சொல்ல விரும்புகிறேன். ஒரு நாட்டு அணி இவ்வளவு தூரம் வந்து மூன்று மூன்று போட்டிகள் மட்டும் ஆடிவிட்டுப் போவது ஏன்? அவற்றில் வென்றால் என்ன கிடைக்கிறது, தோற்றால் என்ன போகிறது? ஆண்கள் ஆடும் ஐந்து நாள் டெஸ்ட் போட்டியைப் பெண்கள் ஆடுவதில்லையா? ஒரே ஒரு போட்டிக்குத்தான் போக முடியும் என்றால் எதற்குப் போவது? அனுபவமுள்ளவர்கள் சொல்லித் தந்தால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில் 1: கட்டுகஸ்தோட்டை வாசகர்

வணக்கம் டீச்சர். வென்றால் என்ன, தோற்றால் என்ன என்ற கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் மற்றவற்றுக்கான பதிலும் அதற்குள்தான் இருக்கிறது.

பல்லேகலவில் நடந்த அந்த மூன்று போட்டிகளும் சர்வதேசக் கிரிக்கெட் பேரவையின் மகளிர் சம்பியன்ஷிப்பைச் சேர்ந்தவை. 2022 முதல் 2025 வரையான அந்தச் சுற்றில் 10 அணிகள் இருந்தன. ஒவ்வோர் அணியும் எட்டு அணிகளுடன், நான்கு தொடர்களை உள்நாட்டிலும் நான்கை வெளிநாட்டிலும், தொடருக்கு மூன்று போட்டிகளாக மொத்தம் 24 ஒருநாள் போட்டிகளில் ஆட வேண்டியிருந்தது. வெற்றிக்கு இரண்டு புள்ளிகள். மழையால் முடிவில்லாமல் போனால் இரு அணிகளுக்கும் ஒவ்வொரு புள்ளி. ஒருநாள் தொடருக்கு மூன்று என்ற எண்ணிக்கை அங்கிருந்துதான் வருகிறது. அந்தப் புள்ளிகளைக் கொண்டே உலகக் கிண்ணத்துக்கு நேரடியாகப் போவது யார், தகுதிச் சுற்றில் மோதிப் பார்க்க வேண்டியது யார் என்று முடிவாகிறது.

இதை ஒரு கணக்காக மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லாதீர்கள். இலங்கை அணி இதனால் பட்ட பாட்டையும் சொல்லுங்கள். முந்தைய சம்பியன்ஷிப்பில் நம் அணி கடைசி இடத்தில் முடிந்தது. அதனால் 2021 நவம்பரில் சிம்பாப்வேயில் நடந்த தகுதிச் சுற்றுக்குப் போக வேண்டியதாயிற்று. ஓமிக்ரோன் தொற்றுப் பரவியதால் அந்தச் சுற்று பாதியிலேயே நிறுத்தப்பட, தரவரிசையைக் கொண்டு அணிகள் தெரிவு செய்யப்பட்டன. 2022 உலகக் கிண்ணத்தில் இலங்கைக்கு இடம் கிடைக்கவில்லை. அதற்கு முன்பும், 2020 மார்ச்சில் அவுஸ்திரேலியாவில் இருபது ஓவர் உலகக் கிண்ணப் போட்டிகளை முடித்துக்கொண்டு திரும்பியவர்கள் ஒன்றரை ஆண்டுக்கும் மேலாக ஒரு சர்வதேசப் போட்டியிலும் ஆடவில்லை. பயணமும் இல்லை, வந்து ஆட ஓர் அணியும் இல்லை. ஆட்டம் கிடைக்காத அணிக்குத் தரவரிசை எப்படி உயரும்? இதை நினைக்கும்போது எனக்கு இன்றும் மனம் கசக்கிறது.

ஆகவே 2022 இல் இந்தியாவுடன் பல்லேகலவில் 3-0 என்று தோற்றபோது, அது ஒரு தொடரின் தோல்வி மட்டுமன்று. ஆறு புள்ளிகளின் இழப்பு. மறு ஆண்டு காலி நகரில் நியூசிலாந்தை 2-1 என்று வென்று அவர்கள் நான்கு புள்ளிகளைப் பெற்றார்கள். நியூசிலாந்துக்கு எதிராக இலங்கை மகளிர் வென்ற முதலாவது ஒருநாள் தொடர் அது. அணித் தலைவி சமரி அத்தபத்து அந்தத் தொடரில் இரண்டு சதங்கள் அடித்தார். இரண்டாவது சதத்தில் 80 பந்துகளில் ஆட்டமிழக்காமல் 140 ஓட்டங்கள். அதன் பின்னரே ஒருநாள் துடுப்பாட்டத் தரவரிசையில் முதலிடத்துக்கு வந்த முதல் இலங்கைப் பெண்ணானார். இப்படிச் சேர்ந்த புள்ளிகளால்தான் 2025 உலகக் கிண்ணத்துக்கு இலங்கை நேரடியாகத் தகுதி பெற்றது.

டெஸ்ட் போட்டியைப் பெண்களும் ஆடுகிறார்கள், பெரும்பாலும் நான்கு நாட்களுக்கு. ஆனால் இந்தியா, இங்கிலாந்து, அவுஸ்திரேலியா போன்ற சில அணிகளுக்கே அந்த வாய்ப்பு மீண்டும் மீண்டும் கிடைக்கிறது. இலங்கை மகளிர் இதுவரை ஆடியது ஒரே ஒரு டெஸ்ட். 1998 ஏப்ரலில், கொழும்பு கோல்ட்ஸ் மைதானத்தில், பாகிஸ்தானுக்கு எதிராக. அதில் 309 ஓட்டங்களால் வென்றார்கள். சமனி செனவிரத்ன ஆட்டமிழக்காமல் 105 ஓட்டங்கள் எடுத்தார். ஆடிய ஒரே டெஸ்டில் வென்ற அணிக்கு இரண்டாவது டெஸ்ட் தரப்படவில்லை என்பதை உங்கள் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும்.

எந்தப் போட்டிக்குப் போவது என்று கேட்டால், இருபது ஓவர் போட்டிக்கே போங்கள் என்பேன். மூன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும், பிள்ளைகளுக்குச் சலிக்காது.

பதில் 2: குண்டசாலை ரசிகர்

முந்தைய பதிலின் கடைசிப் பகுதியை மட்டும் ஏற்க மாட்டேன். டீச்சர், ஒருநாள் போட்டிக்கே அழைத்துச் செல்லுங்கள்.

2022 ஜூலை 4 ஆம் திகதி நான் பல்லேகலவில் இருந்தேன். என் வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம் என்பதால் பெட்ரோல் இல்லாதது என்னைத் தடுக்கவில்லை. இந்தியாவின் ரேணுகா சிங் தொடக்கத்திலேயே நம் விக்கெட்டுகளைச் சாய்த்துவிட்டார். அவர் 28 ஓட்டங்களுக்கு நான்கு விக்கெட்டுகள் எடுத்தார். இருபது ஓவர் ஆட்டமாக இருந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஒருநாள் ஆட்டம் என்பதால், பின்வரிசையில் வந்த அமா காஞ்சனா பொறுமையாக நின்று ஆட்டமிழக்காமல் 47 ஓட்டங்கள் சேர்த்து, அணியை 173 வரை கொண்டுவந்தார். பெரிதாக அடித்து ஆட முடியாத ஒரு பிள்ளை அணிக்கு எப்படிப் பயன்படலாம் என்பதை அந்த ஒரு மணி நேரத்தில் கண்ணாலேயே பார்க்கலாம். மென்பந்து ஆடிப் பழகியவர்களுக்கு வேறெங்கும் கிடைக்காத பாடம் அது.

பிற்பகலில் ஸ்மிருதி மந்தனாவும் ஷபாலி வர்மாவும் விக்கெட் இழப்பின்றி 25.4 ஓவர்களில் இலக்கை முடித்துவிட்டார்கள். மந்தனா 94, ஷபாலி 71. நம் அணி தோற்றது வருத்தந்தான். ஆயினும் அன்று நான் அதிகம் பார்த்தது அவர்களது துடுப்புகளை அன்று, நம் களத்தடுப்பாளர்களை. மந்தனா இடக்கைக்காரர், ஷபாலி வலக்கைக்காரர். ஒவ்வோர் ஒற்றை ஓட்டத்துக்கும் களத்திலுள்ள அத்தனை பேரும் இடம் மாற வேண்டும். அப்படி மாறும்போது யார் முதலில் நகர்கிறார், யாரைத் தலைவி கை காட்டி நகர்த்துகிறார், யார் சொல்லாமலே சரியான இடத்துக்குப் போகிறார் என்பதெல்லாம் மைதானத்தில்தான் தெரியும். தொலைக்காட்சியில் பந்து போகும் இடம் மட்டுமே தெரியும்.

இன்னொன்று: நாணயச் சுழற்சிக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே போய்விடுங்கள். இரு அணிகளும் பயிற்சி செய்வதைப் பார்க்கலாம். பல்லேகலவில் புல் மேடுகள் உண்டு, அங்கே பிள்ளைகள் சேர்ந்து உட்காரலாம். ஹட்டனில் ஜூலையில் அடைமழை பெய்தாலும், தென்மேல் பருவக்காற்றின் மழையை மேற்கு மலைகளே பெருமளவு வாங்கிக்கொள்வதால் பல்லேகல பெரும்பாலும் வெளித்திருக்கும். ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் நிலைமை வேறு. பிற்பகல் இடிமழைக்குத் தயாராகவே போக வேண்டும்.

பதில் 3: பதுளைத் தந்தை

என் மகளும் தோட்டத்து மைதானத்தில் மென்பந்தில் தொடங்கியவள்தான். இப்போது கடினப்பந்தில் பயிற்சி பெறுகிறாள். அந்த அனுபவத்தில் ஒன்றிரண்டைச் சொல்கிறேன்.

நாங்கள் ஆடும் டென்னிஸ் பந்து 60 கிராம் கூட வராது. சர்வதேச மகளிர் போட்டிகளில் வீசப்படும் பந்து 140 முதல் 151 கிராம் வரை இருக்கும். ஆண்களின் பந்தைவிடச் சற்று இலேசானது, அவ்வளவுதான். முதன்முதலாக அதைப் பிடித்த அன்று மகளின் உள்ளங்கை சிவந்து வீங்கிவிட்டது. அவளுடைய அம்மா இனி வேண்டாம் என்றே சொல்லிவிட்டார். பிறகு சரியான கையுறையும் காற்காப்பும் கிடைத்ததும் பயம் போனது; அவற்றின் விலையோ எங்கள் போன்ற குடும்பங்களுக்கு எட்டுவதில்லை. எனவே டீச்சர், போட்டிக்குப் போகும் முன்னர் எப்படியாவது ஒரு கடினப்பந்தை வாங்கி ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் கொடுத்துப் பாருங்கள். அதன் கனம் தெரிந்த பிள்ளைக்கு, ஓர் உயரப் பந்தின் கீழே ஓடிப்போய் நிற்கும் வீராங்கனையின் துணிவு என்னவென்று புரியும்.

முத்தையா முரளிதரன் கண்டியில் பிறந்தவர், நம்மவர், ஆகவே நம் பிள்ளைகளாலும் முடியும் என்று மேடைகளில் அடிக்கடி சொல்கிறார்கள். அவர் எடுத்த 800 டெஸ்ட் விக்கெட்டுகள் எனக்கும் பெருமைதான். ஆனால் அவருக்குச் சிறுவயதிலேயே கடினப்பந்துக் கிரிக்கெட் ஆடும் பெரிய பாடசாலையொன்று கிடைத்தது. லயத்திலிருந்து வரும் பெண் பிள்ளைக்கு அந்த முதற்படியே இல்லை. இலங்கையின் உள்ளூர் மகளிர் கிரிக்கெட்டில் இராணுவம், கடற்படை, விமானப்படை ஆகியவற்றின் அணிகளே பலமானவை. வீராங்கனைகள் பலருக்கு வேலையும் சம்பளமும் அங்கேதான். மலையகத்துத் தமிழ்ப் பிள்ளைக்கு அந்த வழி மொழியாலும் தூரத்தாலும் எளிதன்று. இதை மறைத்துவிட்டு நம்பிக்கை மட்டும் ஊட்டுவது பிள்ளைகளுக்குச் செய்யும் நன்மையாகாது என்பது என் கருத்து. அதே நேரம், 16 வயதில் தேசிய அணிக்குள் வந்த விஷ்மி குணரத்ன, 2024 இல் பெல்பாஸ்டில் அயர்லாந்துக்கு எதிராகச் சதம் அடித்ததையும் சொல்லுங்கள். உங்கள் மாணவிகளின் வயதுக்கு அருகில் இருப்பவர் அவர்தான்.

ஹட்டன் ஆசிரியை

மூவருக்கும் உளமார்ந்த நன்றி. ஒருநாள் போட்டிக்கே போவது என்று பிள்ளைகளுடன் பேசி முடிவு செய்துவிட்டோம். கடினப்பந்து ஒன்றையும் வாங்கிவிட்டேன். கையிலிருந்து கைக்கு மாறி அது இரண்டு பாடவேளைகளைத் தின்றுவிட்டது.

சுற்றுப்பயணத்தில் நாம் விருந்தினராகப் போகும்போது எப்படி ஆடுகிறோம் என்பதையும் சொல்லத் தோன்றியது. அதற்காக 2024 ஏப்ரல் 17 அன்று தென்னாபிரிக்காவின் பொட்செவ்ஸ்ட்ரூமில் நடந்த ஒருநாள் போட்டியைக் கரும்பலகையில் எழுதினேன். லாரா வோல்வார்ட் ஆட்டமிழக்காமல் எடுத்த 184 ஓட்டங்களுடன் தென்னாபிரிக்கா 301 ஓட்டங்கள் குவித்தது. மகளிர் ஒருநாள் போட்டிகளில் அதுவரை எந்த அணியும் 300க்கு மேற்பட்ட இலக்கைத் துரத்தி வென்றதில்லை. 50 ஓவர்களில் 302 என்றால் ஓவருக்கு எத்தனை என்று கேட்டேன். ஆறுக்குச் சற்று மேலே என்று கணக்குப் போட்டுச் சொன்னார்கள். பிறகு சமரி அத்தபத்து 139 பந்துகளில் ஆட்டமிழக்காமல் 195 எடுத்ததையும், 33 பந்துகள் மீதமிருக்க நான்கு விக்கெட்டுகளை மட்டும் இழந்து இலங்கை வென்றதையும் எழுதினேன். வகுப்பு முழுவதும் கை தட்டியது.

பின்வரிசையிலிருந்து ஒரு பிள்ளை எழுந்து, "அப்ப மற்றப் பக்கம் யாரு டீச்சர் நின்னது?" என்று கேட்டாள். ஆறாவதாக இறங்கிக் கடைசி வரை உடன் நின்ற நிலக்ஷிகா சில்வாவின் பெயரையும், அவர் ஆட்டமிழக்காமல் எடுத்த 50 ஓட்டங்களையும் எழுதினேன். கேட்ட பிள்ளை அதைத் தன் கொப்பியில் எழுதிக்கொண்டாள். எங்கள் அணியில் ஆறாவதாக இறங்குபவள் அவள்.