பிரிண்ட் ஸ்கிரீன் அழுத்தினால் படம் எங்கே போகிறது? (விண்டோஸ் 11)

வரவுசெலவு என்ற பயனர் கேட்டது:

அலுவலகத்தில் புதிதாகச் சேருகிறவர்களுக்காகக் கணக்கு மென்பொருள் பற்றி வேர்டில் ஒரு கையேடு தயாராகிறது. 60 ஸ்கிரீன்ஷாட்டாவது தேவைப்படும். இரண்டு லேப்டாப், இரண்டுமே விண்டோஸ் 11. ஒன்றில் பிரிண்ட் ஸ்கிரீன் அழுத்தினால் எதுவுமே நடப்பதில்லை. இன்னொன்றில் திரை மங்கி, மேலே ஒரு பட்டை வருகிறது. ஃபைல் எங்கே சேமிப்பாகிறது என்றும் பிடிபடவில்லை. மெனுவைத் திறந்துவைத்து எடுக்கப் போனால் மெனு மூடிக்கொள்கிறது. எப்படியோ எடுத்து வேர்டில் ஒட்டினால் எழுத்தெல்லாம் பொடிப்பொடியாக இருக்கிறது, அச்சில் படிக்க முடியவில்லை. வெளி மென்பொருள் எதையும் நிறுவ அனுமதி கிடையாது. விண்டோஸில் இருப்பதை வைத்தே சமாளிக்க முடியுமா?

கட்டளைவரி பதில்:

தாராளமாக முடியும். பொத்தான் ஒன்றுதான், கூடவே எதை அழுத்துகிறோம் என்பதைப் பொறுத்துப் படம் போய்ச் சேரும் இடம் மாறும்.

பிரிண்ட் ஸ்கிரீனை மட்டும் அழுத்தினால், பழைய வழக்கப்படி, முழுத்திரையும் கிளிப்போர்டுக்கு, அதாவது நகலெடுத்ததைத் தற்காலிகமாக வைத்திருக்கும் இடத்துக்குப் போகும். ஃபைல் உருவாகாது, சத்தமும் வராது. பெயின்ட்டிலோ வேர்டிலோ கண்ட்ரோல் + வி கொடுத்தால்தான் கண்ணில் படும். உங்கள் முதல் லேப்டாப்பில் நடப்பது அநேகமாக இதுதான். இரண்டாவதில் அதே பொத்தான், விண்டோஸிலேயே உள்ள திரைப்பட எடுப்புக் கருவியான ஸ்னிப்பிங் டூலைத் திறக்கும்படி அமைந்திருக்கிறது. செட்டிங்ஸ் போய் அக்ஸசிபிலிட்டி, அதற்குள் கீபோர்டு பாருங்கள். பிரிண்ட் ஸ்கிரீன் பொத்தானால் ஸ்கிரீன் கேப்சரைத் திறப்பதற்கு ஒரு ஸ்விட்ச் இருக்கும். இரண்டு கணினியிலும் அதை ஒரே மாதிரி வைத்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்தது.

நேராக ஃபைலாகவே வேண்டுமென்றால் விண்டோஸ் கீ + பிரிண்ட் ஸ்கிரீன். திரை ஒரு கணம் மங்கித் தெளியும், பிக்சர்ஸ் ஃபோல்டருக்குள் ஸ்கிரீன்ஷாட்ஸ் என்ற ஃபோல்டரில் பிஎன்ஜி ஃபைல் வரிசை எண்ணோடு விழும். அங்கே இல்லையென்றால் மைக்ரோசாஃப்டின் மேகச் சேமிப்பான ஒன்டிரைவைச் சந்தேகப்படுங்கள். பிக்சர்ஸ் ஃபோல்டரை அது பேக்கப் எடுக்கிறது என்றால், ஃபோல்டரே ஒன்டிரைவுக்குள் இடம் மாறியிருக்கும்.

ஆல்ட் + பிரிண்ட் ஸ்கிரீன், முன்னால் இருக்கும் ஜன்னலை மட்டும் கிளிப்போர்டுக்கு எடுக்கும். கையேட்டுக்கு அதிகம் உதவுவது இதுவும் விண்டோஸ் கீ + ஷிஃப்ட் + எஸ்ஸும்தான். பின்னது வேண்டிய பகுதியை மட்டும் இழுத்துத் தேர்ந்தெடுக்க. இரண்டு மானிட்டர் இருக்கும்போது வெறும் பிரிண்ட் ஸ்கிரீன் அழுத்தினால் இரண்டும் சேர்ந்து ஒரே அகலப் படமாக வரும், அதை வெட்டிக்கொண்டிருப்பது வெட்டி வேலை.

எந்த வகையிலும் எதுவும் நடக்கவில்லையா? பல லேப்டாப்களில் பிரிண்ட் ஸ்கிரீன் வேறொரு வேலையோடு ஒரே பொத்தானைப் பகிர்ந்துகொள்ளும், எஃப்என் (Fn) கீயையும் சேர்த்து அழுத்த வேண்டியிருக்கும். பொத்தானே பழுதா என்று பார்க்க விண்டோஸ் கீ + கண்ட்ரோல் + ஓ அழுத்தித் திரை கீபோர்டைத் திறந்து, அதில் பிரிண்ட் ஸ்கிரீனைச் சொடுக்குங்கள். அதில் வேலை செய்து கைப்பொத்தானில் செய்யவில்லை என்றால் கோளாறு கீபோர்டில்.

60 படத்தையும் ஒவ்வொன்றாக எடுத்து ஒட்டிக்கொண்டிருக்காதீர்கள். விண்டோஸ் கீ + வி அழுத்திக் கிளிப்போர்டு ஹிஸ்டரியை இயக்கிவிட்டால் கடைசி 25 உருப்படிகள் வரை நிற்கும். மறுதொடக்கம் செய்தால் பின் (pin) செய்து நிலைநிறுத்தியவை தவிர மற்றவை போய்விடும், கவனம்.

அச்சுக்கோப்பு பதில்:

மெனு மூடிக்கொள்வதற்குக் காரணம் ஆல்ட் கீ. திறந்திருக்கும் மெனுவை மூடுவதும் அந்தக் கீயின் வேலை என்பதால், ஆல்ட் + பிரிண்ட் ஸ்கிரீனில் பிரிண்ட் ஸ்கிரீனுக்கு விரல் போவதற்குள் மெனு மறைந்துவிடும். இதற்கு இரண்டு வழி. மேலே சொன்ன ஸ்விட்சை அணைத்துவிட்டு, மெனு திறந்திருக்கும்போது வெறும் பிரிண்ட் ஸ்கிரீனை அழுத்துங்கள், பிறகு வெட்டிக்கொள்ளலாம். அல்லது ஸ்னிப்பிங் டூலைத் தனி ஜன்னலாகத் திறந்து, அதிலுள்ள கடிகாரக் குறியில் 3, 5, 10 விநாடித் தாமதங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் புதிய படம் என்று கொடுங்கள். அந்த அவகாசத்தில் மெனுவைத் திறந்து வைத்துவிட்டால், நேரம் முடிந்ததும் திரை அப்படியே உறைந்து நிற்கும். 3 விநாடி போதாது, உள்மெனு இருந்தால் 5 வையுங்கள்.

இந்த இரண்டு வழியிலும் மவுஸ் அம்பு படத்தில் விழாது. எதைச் சொடுக்க வேண்டும் என்று காட்ட அம்புக்குறியைப் பிறகுதான் வரைய வேண்டும்.

எழுத்து பொடியாகத் தெரிவதற்கு வேர்டைத் திட்டிப் பயனில்லை, கணக்குதான் காரணம். ஏ4 தாளில் இரு பக்கமும் 1 அங்குலம் விட்டால் மிஞ்சும் அகலம் 6.27 அங்குலம். 1920 பிக்சல் அகலமுள்ள முழுத்திரையை அதற்குள் அடைத்தால் அங்குலத்துக்கு 306 பிக்சல். திரையில் 12 பிக்சல் உயரமுள்ள எழுத்து தாளில் 1 மில்லிமீட்டர்தான். யாராலும் படிக்க முடியாது. படமெடுப்பதற்கு முன்பே மென்பொருளின் ஜன்னலைச் சுமார் 900 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கிவிடுங்கள். அப்போது அதே எழுத்து 2 மில்லிமீட்டருக்கு மேல் வரும். சுருக்க முடியாத ஜன்னல் என்றால் தேவையான மூலையை மட்டும் எடுங்கள்.

மங்கலுக்கு வேறு காரணமும் உண்டு. வேர்டு சேமிக்கும்போது படங்களை 220 பிபிஐ (அங்குலத்துக்கு 220 பிக்சல்) அளவுக்குக் குறைப்பது இயல்பு அமைப்பு. ஃபைல், ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு போய், படங்களைச் சுருக்க வேண்டாம் என்ற பெட்டியில் டிக் போடுங்கள். ஃபைல் பருக்கும், பரவாயில்லை. இதைப் படங்களை ஒட்டுவதற்கு முன்பே செய்ய வேண்டும். ஒருமுறை சுருங்கிய படம் திரும்பி விரியாது. இன்னொன்று, பிஎன்ஜியை ஜேபெக் ஆக்காதீர்கள். எழுத்தின் ஓரங்களில் அழுக்குப் புள்ளிகள் வரும். ஜேபெக் புகைப்படத்துக்குச் சரி. வாட்ஸ்அப்பில் அனுப்பிச் சுற்றி வாங்கிய படத்தையும் தவிருங்கள். அனுப்பியே ஆகவேண்டும் என்றால் டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

வரவுசெலவு:

மெனு 5 விநாடித் தாமதத்தில் சரியாக வந்தது, நன்றி. ஜன்னலைச் சுருக்கியதும் எழுத்தும் தெளிவு. ஒரு துணைக்கேள்வி: சில படங்களில் வாடிக்கையாளர் பெயர், வங்கிக் கணக்கு எண் தெரிகிறது. வேர்டிலேயே கிராப் செய்தோ, மேலே கறுப்புப் பெட்டி வைத்தோ மறைத்தால் போதுமா?

பிக்சல் காவல் பதில்:

போதாது. வேர்டில் கிராப் செய்தால் வெட்டிய பகுதி கண்ணுக்குத்தான் மறையும், ஃபைலுக்குள் பத்திரமாக இருக்கும். கிராப்பை இழுத்து விரித்தால் திரும்ப வந்துவிடும். படத்தைத் தேர்ந்தெடுத்து, பிக்சர் ஃபார்மேட்டில் கம்ப்ரெஸ் பிக்சர்ஸ் போய், வெட்டிய பகுதிகளை நீக்கு என்பதைக் கொடுத்தால்தான் உண்மையிலேயே போகும். அதே இடத்தில் ரெசல்யூஷனை இயல்பு 220க்கு விட்டுவிடாதீர்கள், மேலே அச்சுக்கோப்பு சொன்னது வீணாகிவிடும். கறுப்புப் பெட்டியும் அப்படித்தான். அது தனிப்பொருள், நகர்த்தினால் கீழே எண் சிரிக்கும்.

மறைப்பதை வேர்டுக்கு வெளியே முடித்துவிடுங்கள். பெயின்ட்டில் படத்தைத் திறந்து, செவ்வகத்துக்கு முழு நிறம் நிரப்பி, எண்ணின் மேல் போட்டுப் புதிய பெயரில் சேமித்தால் அந்தப் பிக்சல்களே அழிந்துவிடும். ஹைலைட்டர் பேனாவால் கறுப்பு அடிப்பது ஆபத்து, அது ஒளி ஊடுருவும் மை. பிரைட்னஸ் ஏற்றினால் அடியில் இருப்பது தெரியக்கூடும். மங்கலாக்கல், கட்டம்கட்டமாக்கல் இரண்டையும் எண்களுக்கு நம்பாதீர்கள். 0 முதல் 9 வரை 10 இலக்கங்கள்தான் என்பதால் ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியும். ஸ்னிப்பிங் டூலில் எழுத்தைக் கண்டறிந்து தானாக மறைக்கும் வசதி மின்னஞ்சலுக்கும் தொலைபேசி எண்ணுக்கும்தான், வங்கிக் கணக்கு எண்ணை அதன் பொறுப்பில் விடாதீர்கள்.

புதிய பெயரில் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. 2023 மார்ச்சில் வெளியான ஏக்ரோபலிப்ஸ் பிழையில், விண்டோஸ் 11 ஸ்னிப்பிங் டூலில் படத்தை வெட்டிப் பழைய ஃபைலின் மேலேயே சேமித்தால், பழைய படத்தின் எஞ்சிய தரவு ஃபைலின் வாலில் ஒட்டிக்கொண்டே இருந்தது. அதிலிருந்து வெட்டிய பகுதியில் ஓரளவை மீட்கவும் முடிந்தது. மைக்ரோசாஃப்ட் அதே மாதம் திருத்தம் விட்டது. ஆனால் அதற்கு முன் வெட்டிச் சேமித்த படங்களை அந்தத் திருத்தம் சரிசெய்யாது. பழைய கையேட்டிலிருந்து படம் எடுத்துப் போடுவதாக இருந்தால், பெயின்ட்டில் திறந்து மறுபடி வேறு பெயரில் சேமித்துப் பயன்படுத்துங்கள்.

கட்டளைவரி:

இதோடு ஒன்று சேர்க்க வேண்டும். இப்போதைய ஸ்னிப்பிங் டூல், எடுத்த மூலப்படத்தைத் தானாகவே ஸ்கிரீன்ஷாட்ஸ் ஃபோல்டரில் போட்டுவைக்கும். பெயின்ட்டில் எவ்வளவு கவனமாக மறைத்தாலும், மறைக்காத பிரதி அங்கே கிடக்கும். ஒன்டிரைவ் பேக்கப் ஓடுகிறது என்றால் மேகத்துக்கும் ஏறியிருக்கும். டூலின் மூன்று புள்ளி மெனுவில் செட்டிங்ஸ் போய்த் தானியங்கிச் சேமிப்பை அணையுங்கள், கிடப்பதை ரீசைக்கிள் பின்னிலிருந்தும் அழியுங்கள்.

இதைவிட எளிய வழி, கணக்கு மென்பொருளில் பொய்ப்பெயர்களோடு ஒரு மாதிரி நிறுவனக் கணக்கைத் திறந்து 60 படத்தையும் அதிலிருந்தே எடுப்பது. மறைக்கிற வேலையே வராது.