பொருள்: வன்பொருள் குறியாக்கமா, தனிச்சுற்றுக் குறியாக்கமா?

அக்காவுக்கும் குழுவினருக்கும் வணக்கமுங்க.

நேரலைக்கும் பதிவுக்கும் உதவும் ஓபிஎஸ் மென்பொருளின் கையேட்டில், வீடியோவைச் சுருக்கித் தரும் என்கோடிங் வேலைக்கு 'வன்பொருள் குறியாக்கம்', 'மென்பொருள் குறியாக்கம்' என்றே போடலாம்னு அக்கா எழுதியிருந்தீங்க. எனக்கு முதல் சொல்லே இடிக்குதுங்க. எக்ஸ்264 என்கிற குறியாக்க நிரல் ஓடுகிற மையச் செயலியும் வன்பொருள்தானே? வன்பொருள் என்று நாம் சொல்லும் குறியாக்கச் சுற்றுகளான என்விடியாவின் என்வென்க்கோ இன்டெலின் குவிக் சிங்க்கோ இயக்கி மென்பொருள் இல்லாமல் அசையாது. குறியாக்கத்துக்கென்றே சில்லுக்குள் அமைத்த சுற்று ஒரு பக்கம், எந்தக் கணக்கையும் போடும் செயலியில் ஓடும் நிரல் மறுபக்கம். வேறுபாடு அதுதான். இன்னொரு சிக்கல், வன்பொருள் என்றதும், கேமராப் படத்தைக் கணினிக்குள் கொண்டுவரும் கேப்சர் கார்டு வாங்கணும்னு பசங்க நினைச்சுக்கறாங்க. விலை குறைந்த யூஎஸ்பி கார்டுகள் பலவும் படத்தை உள்ளே கொண்டுவருவதோடு சரி, அதை எச்.264 என்கிற சுருக்க வடிவத்துக்கு மாற்றுவது கணினியின் வேலை.

கைத்தறி, விசைத்தறி என்று பேர் வைத்தவர்கள் துணியைப் பார்க்கவில்லை, தறியை எது ஓட்டுகிறது என்று பார்த்தார்கள். அந்த வழியில் 'தனிச்சுற்றுக் குறியாக்கம்', 'நிரல்வழிக் குறியாக்கம்' என்று முன்மொழிகிறேன். 'சில்லுவழி' பொருந்தாது, இரண்டுமே சில்லில்தான் நடக்கின்றன. 'சுற்றுவழி' என்றால் ஊரைச் சுற்றிப் போகும் பாதை என்றுதான் படிப்பார்கள்.

கையேட்டில் எடுத்துக்காட்டு இரண்டு போதுங்க. வள்ளி கும்மி நேரலை: 1080 வரி, நொடிக்கு 30 சட்டகம் (ஃபிரேம்) என்றால் சுருக்காத படமே நொடிக்குச் சுமார் 93 மெகாபைட். அதை நொடிக்கு 6 மெகாபிட்டுக்குள், அதாவது முக்கால் மெகாபைட்டுக்குள் அடக்கணும். திடல் முழுக்க ஆட்கள் ஆடும்போது படத்தில் அசையாத இடமே இராது. இரண்டு மூன்று கேமராவைக் கலக்கிற வேலையும் செயலி தலையில்தான். அது திணறினால் சட்டகம் விழும், விழுந்தது திரும்பாது. அங்கே தனிச்சுற்றுதான். பழைய கல்யாண கேசட் வேறு கதை. கொங்குக் கல்யாணத்தை நடத்திவைக்கும் அருமைக்காரர் சீர் செய்வதெல்லாம் பதிவான நாடா அது. 576 வரி, நொடிக்கு 25 சட்டகம். முதலில் இழப்பில்லாமல் பிடித்து வைத்துக்கொண்டு, அப்புறம் எக்ஸ்264-ஐ நிதானமான அமைப்பில் ஓடவிட்டால் அதே கோப்பளவில் படம் தெளிவாக வரும்.

ஓபிஎஸ்ஸில் குறியாக்கியைத் தேர்ந்தெடுக்கும் பட்டியலில் 'ஹார்டுவேர்' என்றுதான் கண்ணில் படும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். முதல் இடத்தில் மட்டும் அதையும் பக்கத்தில் போட்டுவிடலாம். கடவுச்சொல் போட்டுப் பூட்டுவதையும் சிலர் குறியாக்கம் என்கிறார்கள். அதற்கு 'மறையாக்கம்' இருக்கட்டும்.

மறுப்பு இருந்தா எழுதுங்க அக்கா. இல்லைன்னா சொற்பட்டியலில் ஏத்திடறேன்.