சொந்தமா செய்த சிஎன்சிக்கு (கொம்பியூட்டர் சொல்லுறபடி வெட்டுற மிசின்) எந்த லேசர் நல்லம்?

மாங்குளம்_பொடியன்:
அண்ணையாக்கள், ஜிஆர்பிஎல் 1.1 (மிசினை ஓட்டுற மென்பொருள்) போர்ட் போட்டு ஒரு சிஎன்சி செய்து வச்சிருக்கிறன், இப்ப ஸ்பிண்டிலை (சுத்தி வெட்டுற மோட்டரை) கழட்டிப்போட்டு லேசர் பூட்ட யோசிக்கிறன், முதிரைப் பலகையில பேர் எழுதவேணும் 3 மிமீ பிளைவூட்டும் வெட்டவேணும். ஒன்லைன்ல 40 வொட் எண்டு மலிவா ஒண்டு கிடக்கு, எடுக்கலாமோ?

விசுவமடு_வேர்க்ஷொப்:
தம்பி, அந்த 40 வொட் அநேகமா கரண்ட் இழுக்கிற கணக்கு, லேசரா வெளியில வாறது எவ்வளவெண்டு பார். உன்ர வேலைக்கு 10 வொட் ஒப்டிக்கல் (லேசரா வெளியில வாறது) காணும், எழுத மட்டுமெண்டால் 5 போதும். பிடபிள்யூஎம் வயர் (லேசர் பவரைக் கூட்டிக் குறைக்கிற சிக்னல் வாறது) உள்ளதா எடு, செட்டிங்ல $32=1 (லேசர் மோட்) போட்டு எம்4ல (வேகத்துக்கு ஏத்தமாதிரி பவரை மாத்துற கட்டளை) ஓட்டு, இல்லாட்டி மூலையளில கருகும். காத்தடிக்கிற பம்ப் ஒண்டும் பூட்டு, அதில்லாமல் பிளைவூட் வெட்டுறது சரியான கரைச்சல்.

கிளி_மேக்கர்:
450 நானோமீற்றருக்கெண்டு (இந்த நீல லேசரின்ர அலைநீளம்) செய்த பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் ஓன் பண்ணாதை, வெயிலுக்குப் போடுற கறுப்புக் கண்ணாடி சரிவராது. பிவிசி பக்கம் போகவே வேண்டாம், நச்சுப் புகை, மிசினும் கறள் பிடிக்கும்.

மாங்குளம்_பொடியன்:
நிறமில்லாத அக்ரிலிக் வெட்டுமோ அண்ணை?

விசுவமடு_வேர்க்ஷொப்:
நீல லேசர் அதுக்குள்ளால போயிடும் தம்பி. கறுப்பு எண்டால் வெட்டும், நிறமில்லாததுக்கு சிஓ2 (காபனீரொட்சைட்டு வாயு) லேசர்தான்.