படிக்கப் படிக்க விளக்கேற்றக் கை வரமாட்டேன் என்கிறது

அல்சூர்_நிலா:

வணக்கம். பெங்களூரு, அல்சூர் பக்கம் இருக்கிறேன். ஆறு வருடமாக விக்கா (இங்கிலாந்தில் உருவான, தேவியைக் கும்பிடுகிற சூனியக்காரர் மதம்) வழியில் தனியாகக் கும்பிட்டு வருகிறேன், குழு, குரு, தீட்சை எதுவும் கிடையாது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி மொட்டை மாடியில் அரிசி மாவில் வட்டம் போட்டு (முதலில் உப்பில்தான் போட்டேன், தளம் அரித்துவிடும் என்று வீட்டுக்கார அம்மா சத்தம் போட்டதும் மாவுக்கு மாறிவிட்டேன்), நாலு திசைக்கும் அகல் வைத்து, நடுவில் தேவிக்கு ஒரு கிண்ணம் பால். அம்மாவைப் பொறுத்தவரை அது ஏதோ பௌர்ணமி பூஜை, நானும் திருத்தவில்லை.

போன வருடம் சர்ச் ஸ்ட்ரீட்டில் ஒரு பழைய புத்தகக் கடையில், வரலாற்றுப் பேராசிரியர் ரொனால்ட் ஹட்டன் 1999ல் விக்காவைப் பற்றி எழுதிய புத்தகம் கிடைத்தது. அன்றைக்குப் பிடித்த சனி. கிறிஸ்தவத்துக்கு முந்தைய மதம் ஒன்று ஊர் ஊராக ஒளிந்து பிழைத்து நம் கைக்கு வந்தது என்று நம்பிக்கொண்டிருந்தேன். அது மார்கரெட் மர்ரே 1921ல் எழுதிய கருத்து, ஆய்வாளர்கள் அதைக் கழித்துக்கட்டி வெகுகாலமாகிறதாம். 1954ல் புத்தகம் எழுதி விக்காவை ஊரறியச் செய்த ஜெரால்ட் கார்ட்னர் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்து, மலாயாவில் சுங்க அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். சடங்கில் ஃப்ரீமேசன்கள் என்ற ரகசியச் சங்கத்தாரிடமிருந்து கொஞ்சம், அலிஸ்டர் க்ரௌலி என்ற ஆங்கில மந்திரவாதியிடமிருந்து கொஞ்சம். வருடத்தில் நாங்கள் கொண்டாடும் எட்டுப் பண்டிகையும் ஒரே சக்கரமாகச் சேர்ந்தது 1950களில். அதில் இலையுதிர்காலப் பண்டிகைக்கு மேபன் என்ற பெயர் 1970களில் ஒரு அமெரிக்கர் வைத்தது!

இப்போது தேவியை அழைக்க வாயைத் திறந்தால் அடிக்குறிப்பு வருகிறது. போன பௌர்ணமிக்கு நின்றுகொண்டே 'இந்த வரி லேலண்ட், 1899' (சூனியக்காரிகளின் வேதம் என்று புத்தகம் போட்டவர்) என்று மனசு ஓட்டிக்கொண்டிருந்தது, மாவிலிருந்து எறும்பு பால் கிண்ணம்வரை வந்துவிட்டதைக்கூடப் பார்க்கவில்லை. படிப்பை விட மனசில்லை, படிக்காதவள் மாதிரி நடிக்கவும் முடியவில்லை. உங்களில் யாராவது இதைத் தாண்டி வந்திருக்கிறீர்களா?

மாட்டுங்கா_மாமா:

அம்மா, இதற்கா இவ்வளவு கலக்கம்? நான் மும்பையில் நாற்பது வருடமாக இருக்கிறேன். இங்கே பந்தல் போட்டு ஊரே கூடிக் கொண்டாடுகிற கணபதி விழா, திலகர் 1893ல் கையில் எடுத்து வளர்த்தது. சந்தோஷி மாதா விரதம் 1975ல் வந்த ஒரு இந்திப் படத்துக்கு அப்புறம்தான் இந்த அளவுக்குப் பரவியது. எங்கள் கட்டிடத்திலேயே ஒரு மாமி வெள்ளிக்கிழமை புளிப்பைக் கையால் தொடமாட்டார், ரசம் வைக்க மருமகள்தான். அந்த மாமியிடம் போய் 1975 என்று சொல்லிப் பாருங்கள், கரண்டியாலேயே போடுவார். எப்போது ஆரம்பித்தது என்பது ஒரு கேள்வி, கும்பிடுகிறவளுக்கு அதில் என்ன கிடைக்கிறது என்பது வேறு கேள்வி. நீங்கள் இரண்டையும் ஒரே பாத்திரத்தில் போட்டுக் கிண்டுகிறீர்கள்.

முனிர்க்கா_ராத்திரி:

மாமா சொல்வது பாதிதான் சரி. பந்தல் புதிது, பிள்ளையார் பழையவர். விக்காவில் அப்படி இல்லை, சாமியையே 'வழிவழியாக வந்தது' என்று சொல்லிக் கொடுத்தார்கள். நிலாவுக்கு உறுத்துவது வயது இல்லை, ஏமாந்துவிட்டோமோ என்கிற எண்ணம். அதைக் 'கண்டுகொள்ளாதே' என்று துடைத்துவிட முடியாது.

நான் டெல்லியில் வரலாறு படிக்கிறேன், கும்பிடுவது வட ஐரோப்பாவின் பழைய நார்ஸ் தெய்வங்களை. எங்கள் பக்கம் நிலைமை தலைகீழ். எல்லாவற்றுக்கும் மூலம் கேட்பார்கள். மூலமோ, ஐஸ்லாந்து மதம் மாறி இருநூறு வருடத்துக்கு மேல் ஆன பிறகு, 1220 வாக்கில் ஸ்னோரி என்ற கிறிஸ்தவர் எழுதி வைத்தது. அவர் எழுதவில்லை என்றால் பாதிக் கதை போயிருக்கும், அவர் எழுதியதாலேயே எது பழசு எது அவர் கைச்சரக்கு என்று இன்றுவரை சண்டை. ஐஸ்லாந்தில் 1972ல் சங்கமாகக் கூடி, அடுத்த வருடமே அரசு அங்கீகாரம் வாங்கியவர்கள், எல்லாம் தெரிந்த பிறகு ஆரம்பிப்போம் என்று காத்திருக்கவில்லை. நான் காத்திருந்தேன். இரண்டு வருடம் பழைய நார்ஸ் மொழி இலக்கணம், கட்டுரை, அடிக்குறிப்பு. ஒரு துளி படையல் கிடையாது. அதற்கு ஆராய்ச்சி என்று பெயர் வைத்திருந்தேன், உண்மையில் பயம். தப்பாகச் செய்து நாலு பேர் சிரித்துவிடுவார்களோ என்று.

இப்போது ஒரு நீளக் கணக்கு நோட்டு. இடது பக்கம் மூலத்தில் இருப்பது, வலது பக்கம் எனக்குப் பட்டது, கனவு, கும்பிடும்போது தோன்றியது. எங்கள் ஆட்கள் இந்த வலது பக்கத்தை யூ.பி.ஜி. என்பார்கள், சரிபார்க்க முடியாத சொந்த அனுபவம். அதில் கேவலம் ஒன்றும் இல்லை, இடது பக்கத்துக்குத் தாவாத வரைக்கும்.

உங்கள் வழியிலேயே டோரீன் வாலியண்ட் இருக்கிறாரே! 1953ல் கார்ட்னரிடம் தீட்சை வாங்கியவர், அவருடைய சடங்கு நோட்டில் க்ரௌலியின் வரிகளை அடையாளம் கண்டு நேராகவே கேட்டார். கார்ட்னர் 'முடிந்தால் நீயே நன்றாக எழுது' என்கிற மாதிரி தூக்கிக் கொடுக்க, அவரும் எழுதினார். நீங்கள் பௌர்ணமிக்குச் சொல்கிற தேவியின் வாக்கு பெரும்பாலும் அவர் கையில் உருவானதாகத்தான் இருக்கும். அதே மனுஷி 1980ல், கார்ட்னருக்கு வழிகாட்டியதாகச் சொல்லப்பட்ட டோரதி என்ற அம்மாள் நிஜமாகவே இருந்தாரா என்று பிறப்பு இறப்புப் பதிவுகளைத் துருவக் கிளம்பினார். ஆள் இருந்தது உறுதியானது. ஆனால் பதிவேட்டில் பெயர் இருப்பதால் அந்த அம்மாள் சூனியக்காரி என்று ஆகிவிடாது. வாலியண்ட் அப்புறமும் கும்பிடுவதை விடவில்லை.

கே_ஆர்_புரம்_குமார்:

கேட்கிறேன் என்று கோபித்துக்கொள்ளக் கூடாது. நம்ம முருகன் இருக்கும்போது வெள்ளைக்காரன் 1954ல் கொண்டுவந்தது எதற்கு? நமக்கு எல்லாமே ஒரிஜினல், அப்படியே இரண்டாயிரம் வருடமாக வருகிறது.

முனிர்க்கா_ராத்திரி:

குமார் அண்ணா, அப்படியே வருகிறதா? திருமுருகாற்றுப்படையை எடுத்துப் பாருங்கள், கொழுத்த கிடாயின் ரத்தத்தில் பிசைந்த வெள்ளை அரிசியைத் தூவுகிறார்கள். டெல்லி ஆர்.கே.புரம் மலை மந்திர் முருகன் கோவிலில் எனக்குக் கையில் வைத்தது பஞ்சாமிர்தம். நக்கீரர் காலத்தில் இது உண்டா என்று நான் கேட்கவில்லை, நக்கிச் சாப்பிட்டேன். யார் யாரைக் கும்பிடுவது என்பது அவரவர் பாடு.

மாட்டுங்கா_மாமா:

முனிர்க்காத் தம்பி சொன்னதை ஒத்துக்கொள்கிறேன், பந்தலும் பிள்ளையாரும் ஒன்றில்லை. ஆனால் நிலாவுக்கு இன்னொன்று சொல்லத் தோன்றுகிறது. ஓதுவார் பாட ஆரம்பிக்கும்போது கவனித்திருக்கிறீர்களா? 'திருஞானசம்பந்தர் அருளிச்செய்த' என்று பெயர் சொல்லிவிட்டுத்தான் பதிகம். சம்பந்தரே கடைசிப் பாட்டில் 'ஞானசம்பந்தன்' என்று தன் பெயரை வைத்துத்தான் முடிப்பார். எழுதினவர் பெயரைச் சொன்னதால் நம் ஊரில் யாருக்கும் பக்தி குறைந்ததில்லை. உங்களுக்கு அடிக்குறிப்பு வருகிறதா, விரட்டாதீர்கள். வாய்விட்டு முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அல்சூர்_நிலா:

மாமா, நேற்று பௌர்ணமி, செய்து பார்த்தேன். வட்டம் போட்டு, அகல் ஏற்றி, 'டோரீன் வாலியண்ட் எழுதியது, அதில் லேலண்டிடமிருந்து எடுத்ததும் உண்டு' என்று சத்தமாகவே சொன்னேன். சொன்னதும் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்து மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த பையன் திரும்பிப் பார்த்தான். அப்புறம் ஆரம்பித்தேன். நடுவில் ஒரு தடவை க்ரௌலி எட்டிப் பார்த்தார், இல்லை என்று சொல்லமாட்டேன், ஆனால் நிற்காமல் போய்விட்டார். பால் கிண்ணத்தை இந்தத் தடவை ஒரு தண்ணீர்த் தட்டுக்குள் வைத்திருந்தேன், எறும்பு ஏறவில்லை.

முனிர்க்கா, அந்தக் கணக்கு நோட்டு வாங்கிவிட்டேன். இடது பக்கம் ஏற்கெனவே நாலு தாள் ஓடிவிட்டது. வலது பக்கத்தில் இன்றைக்குத்தான் முதல் வரி எழுதினேன், அது என்ன என்று இங்கே சொல்லமாட்டேன்.