திருவிழா அடிதடி வழக்கில் விடுதலையானவன் காவலர் ஆகலாமா?

வெண்ணிலா:
என் தம்பி இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் எழுத்து, உடல்திறன், மருத்துவம் எல்லாம் தாண்டிவிட்டான். ஆயுதப்படையில் சேர்ந்து சென்னை மாநகரத்தில் வேலை பார்க்க வேண்டும் என்பது அவனுடைய நெடுநாள் ஆசை. இப்போது போலீஸ் வெரிஃபிகேஷன் படிவம் வந்திருக்கிறது. அங்கேதான் சிக்கல்.

2022 ஆடித் திருவிழாவில் எங்கள் தெருப் பையன்களுக்கும் பக்கத்துத் தெருப் பையன்களுக்கும் கைகலப்பு. பதினொரு பேர் மேல் இந்திய தண்டனைச் சட்டத்தில் வழக்கு: 294(பி) (ஆபாசமாகத் திட்டியது), 323 (அடித்துக் காயப்படுத்தியது), 506(2) (கொலை மிரட்டல்). இவன் பெயர் ஏழாவது. ஊர்ப் பெரியவர்கள் பேசி முடித்து, போன வருடம் எல்லோரும் விடுதலை. படிவத்தில் ‘எப்போதாவது குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டதுண்டா’ என்று ஒரு கேள்வி. “விடுதலை ஆகிவிட்டதே, இல்லை என்று எழுது” என்கிறார் சித்தப்பா. எனக்குப் பயமாக இருக்கிறது. என்ன எழுதுவது? விடுதலையான பிறகும் இப்படிக் கேட்பது நியாயம்தானா?

கிரவுண்ட் அண்ணன்:
தங்கச்சி, முதலில் இது: மறைக்கவே கூடாது. ‘ஆம்’ என்று எழுதி, வழக்கு எண்ணையும் தீர்ப்புத் தேதியையும் போடச் சொல்லுங்கள். சித்தப்பா பேச்சு வேண்டாம்.

அடுத்தது நியாயமா என்ற கேள்வி. பன்னிரண்டு வருடமாகப் பையன்களுக்கு மைதானத்தில் பயிற்சி கொடுக்கிறேன். விடியற்காலை நாலரைக்கு வருவான். 1500 மீட்டரை ஏழு நிமிடத்துக்குள் ஓட வேண்டும், கயிறு ஏற வேண்டும். உயரம் 170 சென்டிமீட்டருக்கு ஒன்று குறைந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள் (எஸ்.சி., எஸ்.டி. பிரிவுக்கு 167). தமிழ்த் தகுதித் தேர்வில் 80க்கு 32 எடுத்தால்தான் அடுத்த விடைத்தாளையே திருத்துவார்கள். இத்தனையும் தாண்டி வந்தவனை, நீதிமன்றமே விட்டுவிட்ட வழக்கைக் காட்டி வீட்டுக்கு அனுப்புவதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஓய்வுபெற்ற எஸ்.எஸ்.ஐ.:
அம்மா வெண்ணிலா, மறைக்கக் கூடாது என்பதில் பயிற்சியாளர் சொன்னதே சரி. மற்றதில் எனக்கு உடன்பாடு இல்லை.

சென்னை ஆயுதப்படையில் பல வருடம் இருந்து, சிறப்பு உதவி ஆய்வாளராக (எஸ்.எஸ்.ஐ.) ஓய்வுபெற்றவன் நான். அங்கே என்ன வேலை? கைதியை நீதிமன்றத்துக்குக் கூட்டிப் போகிற வழிக்காவல், பந்தோபஸ்து, கலவர இடத்தில் கேடயத்தோடு நிற்பது. இரண்டு தெருவுக்கு நடுவில் கல் பறக்கும்போது அங்கே நிற்கப் போகிறவன் இந்தத் தம்பிதான். அந்த இடத்தில் அவன் கை முந்தாது என்று அரசுக்கு எப்படித் தெரியும்? மற்ற அரசு வேலை மாதிரி இதைப் பார்க்காதீர்கள். இங்கே லத்தியும் துப்பாக்கியும் கொடுத்து அனுப்புகிறோம்.

கிரவுண்ட் அண்ணன்:
ஐயா, அவன் கை முந்தியதா என்பதைத்தானே நீதிமன்றம் விசாரித்தது?

வக்கீல், மதுரை:
விசாரித்து முடிவு சொல்லியிருந்தால் நல்லது. ஆனால் ஊர்ச் சமரசம் என்கிறாரே, அங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். 323ஐச் சமரசம் செய்துகொள்ளச் சட்டமே வழி தருகிறது. 294(பி)க்கு அந்த வழி இல்லை. அதனால் என்ன செய்வார்கள்? புகார் கொடுத்தவரையும் சாட்சிகளையும் கூண்டில் ஏற்றி “எனக்கு எதுவும் தெரியாது” என்று சொல்ல வைப்பார்கள். பிறழ் சாட்சி. வழக்கு விழுந்துவிடும், ஊரே நிம்மதியாகும்.

தமிழ்நாட்டுக் காவலர் பணி விதி 14(பி)யின் விளக்கத்தைப் படித்தால் அந்த நிம்மதி போய்விடும். சந்தேகத்தின் பலனில் விடுதலையானாலும், புகார்தாரர் பிறழ் சாட்சி ஆனதால் விடுதலையானாலும், அவரை ‘குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவர்’ என்றே கொள்ள வேண்டும் என்கிறது அது. சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வு 2008இல் மணிகண்டன் வழக்கில் இந்த விதியைச் செல்லும் என்று சொல்லிவிட்டது. ‘ஹானரபிள் அக்விட்டல்’, அதாவது இவர் மேல் குற்றமே இல்லை என்று தெளிவாகச் சொல்லி விடுவித்தால்தான் முழுப் பாதுகாப்பு.

பையனுக்கு நல்லது செய்வதாக நினைத்து ஊர் செய்கிற சமரசமே அவன் வேலைக்கு வினையாகிறது. சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்து வழக்கை நடத்தியிருந்தால் நிலைமை வேறாக இருந்திருக்கலாம். இதை முதல் நாளிலேயே குடும்பத்துக்குச் சொல்லாத வக்கீல்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு.

கிரவுண்ட் அண்ணன்:
விதி அப்படி இருக்கிறது, சரி. அது சரியா என்பதுதான் என் கேள்வி. எஃப்.ஐ.ஆரில் பெயர் எப்படி ஏறுகிறது என்று ஊரில் இருப்பவர்களுக்குத் தெரியும். சண்டையில் இல்லாதவன் பெயரும் வரும். அதிலும் போலீஸ் வேலைக்கு ஓடிக்கொண்டிருக்கிற பையன் பெயரைத் தேடிப் பிடித்துச் சேர்ப்பார்கள், அவன் வாழ்க்கையைக் கெடுக்க அதுதான் சுலபமான வழி என்று தெரிந்தே. என்னிடம் ஓடிய ஒரு பையன் அன்றைக்கு வெளியூரில் உடல்திறன் தேர்வில் இருந்தான். அவன் பெயரும் புகாரில் இருந்தது.

ஓய்வுபெற்ற எஸ்.எஸ்.ஐ.:
அப்படி நடப்பதை மறுக்க மாட்டேன். நானும் பார்த்திருக்கிறேன், வருத்தப்பட்டிருக்கிறேன். ஆனால் அதைச் சரிசெய்ய வேண்டிய இடம் ஸ்டேஷன். விசாரணையில் சம்பந்தமில்லாத பெயரைக் குற்றப்பத்திரிகைக்கு முன்பே நீக்க வேண்டும். அதைச் செய்யாமல் விட்டுவிட்டு, தேர்வு நேரத்தில் கதவைத் திறந்துவிடு என்றால், நிஜமாகவே மண்டையை உடைத்துவிட்டுச் சாட்சியை மிரட்டி வெளியே வந்தவனும் அதே கதவு வழியாக வருவான். இரண்டு தீர்ப்பிலும் ஒரே வாசகம்தான் இருக்கும். எப்படிப் பிரிப்பீர்கள்?

வக்கீல், மதுரை:
அந்தக் கேள்வியில் உச்ச நீதிமன்றமே இரண்டு பக்கமும் பேசியிருக்கிறது. இரண்டுமே டெல்லி மாநகரக் காவல் துறை வழக்குகள். 2011இல் சந்தீப் குமார் வழக்கில், இளம் வயதுத் தவறுக்காக ஒருவனை வாழ்நாள் முழுக்கக் குற்றவாளியாகப் பார்க்கக் கூடாது என்று அவர் பக்கம் நின்றது. இத்தனைக்கும் அவர் விண்ணப்பத்தில் வழக்கை மறைத்தவர். 2013இல் மெஹர் சிங் வழக்கில், சமரசத்தால் வந்த விடுதலை நற்சான்று ஆகாது, வேண்டாம் என்று துறை முடிவெடுத்தது சரியே என்றது. 2016இல் அவதார் சிங் வழக்கில் ஓரளவு வரையறை வந்தது: உண்மையைச் சொல்ல வேண்டும், சொன்னாலும் துறை அவர் பின்னணியைப் பார்க்கலாம், வேலை கொடுத்தே தீர வேண்டும் என்றில்லை, அற்ப வழக்கு என்றால் மறைத்ததைக்கூடத் துறை மன்னிக்கலாம்.

என் கருத்து: தமிழ்நாட்டு விளக்கம் அளவுக்கு மீறி இறுக்கமானது. ஒவ்வொரு வழக்கிலும் காயம் என்ன, ஆயுதம் இருந்ததா, இவர் என்ன செய்தார் என்று பார்க்கிற குழு வேண்டும். ஐயா கேட்டதற்கு இதுதான் பதில். தீர்ப்பின் கடைசி வரியைப் பார்த்தால் பிரிக்க முடியாது, கேஸ் கட்டைப் படித்தால் முடியும்.

ஓய்வுபெற்ற எஸ்.எஸ்.ஐ.:
படிக்கலாம். ஆயிரக்கணக்கில் ஆள் எடுக்கும்போது அந்தக் குழு மேல் வரக்கூடிய சிபாரிசை நினைத்துப் பாருங்கள். விதி கடுமையாக இருந்தால் பணக்கார வீட்டுப் பையனுக்கும் அதே விதி. அதில் எனக்கு ஒரு நிம்மதி இருக்கிறது.

கிரவுண்ட் அண்ணன்:
பணக்கார வீட்டுப் பையன் பெயர் எஃப்.ஐ.ஆரிலேயே வராது ஐயா.

பழைய பயிற்சிக் காவலர்:
என் கதையை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். நான் ‘இல்லை’ என்று எழுதியவன். சின்ன வழக்குதான். பயிற்சிப் பள்ளியில் நான்காவது மாதம் கூப்பிட்டு நோட்டீஸ் கொடுத்தார்கள். வழக்கைவிட மறைத்ததைத்தான் பெரிதாகக் கேட்டார்கள். சீருடையில் எடுத்த ஒரு போட்டோ அம்மாவிடம் இருக்கிறது. அக்கா, தம்பியை உண்மையை எழுதச் சொல்லுங்கள்.

வக்கீல், மதுரை:
வெண்ணிலா, ஒன்று கேட்க மறந்துவிட்டேன். சம்பவத்தன்று தம்பிக்கு வயது என்ன? 18 முடியாமல் இருந்தால், சிறு வயது வழக்கால் பின்னால் தகுதியிழப்பு வரக் கூடாது என்கிற சிறார் நீதிச் சட்டம் பிரிவு 24இன் பாதுகாப்பைக் கேட்கலாம். தீர்ப்பின் சான்றிட்ட நகலையும் வாங்கிவிடுங்கள்.

வெண்ணிலா:
18 முடிந்து நான்கு மாதம். அந்த வழி இல்லை.

நகல் வாங்கிவிட்டோம். கடைசி இரண்டு பக்கத்தை அவனே சத்தமாகப் படித்தான். முதல் இரண்டு சாட்சிகள் பிறழ்ந்துவிட்டார்கள். ஆனால் மூன்றாவது சாட்சி, டீக்கடைக்காரர், என் தம்பி தன் கடைக்குள்தான் நின்றான் என்று சொன்னது பதிவாகியிருக்கிறது. எங்களுக்கே இது தெரியாது. வக்கீல் சார், அந்த இரண்டு பக்கத்தையும் உங்களுக்குத் தனியாக அனுப்பியிருக்கிறேன், கொஞ்சம் பாருங்கள்.

படிவத்தில் ‘ஆம்’ என்று எழுதிவிட்டான். நாளைக் காலை பத்து மணிக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறோம்.