லேபை விட்டு வெளிய வந்தா கண்ணாடி மங்குது, காகிள்ஸ் போட்டா இன்னும் மோசம்

ஷேடுகார்டு:
வணக்கங்க. திருப்பூர்ல ஒரு டையிங் யூனிட்ல லேப் அசிஸ்டென்ட்டா இருக்கேன். கண்ணாடி மைனஸ் 4, கழட்டினா மெஷின்ல நம்பர் தெரியாது. லேப் ஏசி. சாயம் போட்ட துணி லாட்டைப் பாக்க, மெஷின் ஓடற ஃப்ளோருக்குப் போனா, கதவு தாண்டின உடனே ரெண்டு கண்ணும் வெள்ளையாயிருது. அதாவது பரவால்ல, ரெண்டு நிமிஷத்துல தெளிஞ்சுரும். காஸ்டிக், பெராக்சைடு மாதிரி அரிக்கற கெமிக்கல் ஊத்தற இடத்துல மாஸ்க் போட்டு, பவர் கண்ணாடிக்கு மேல காகிள்ஸ் மாட்டணும். அங்க படியற ஆவி போகவே மாட்டேங்குது. போன வாரம் துடைக்கறதுக்குக் காகிள்ஸைத் தூக்கிட்டேன், சூப்பர்வைசர் கத்திட்டாரு. அவர் கத்துனதும் நியாயம்தான். வீடியோ பாத்து டூத்பேஸ்ட் தேச்சேன். இப்ப டியூப்லைட்டைப் பாத்தா கண்ணாடி பூரா வட்ட வட்டமா கீறல். வேற வழி இருக்குங்களா?

கண்ணாடிக்கடைக்காரன்:
தம்பி, பேஸ்ட்டைத் தூக்கிப் போடுங்க. பல்லுல கறையைச் சுரண்டற பொடி அதுல இருக்கு, அதே பொடிதான் உங்க கோட்டிங்கையும் சுரண்டியிருக்கு. போன கோட்டிங்கை இனி ஒண்ணும் பண்ண முடியாது. என் கடைக்கு மாசத்துக்கு ரெண்டு பேராவது இப்படி வர்றாங்க.

பவானிக்கரை:
நானா இருந்தா ஊசியைக் காய்ச்சிக் காகிள்ஸ்ல நாலு ஓட்டை போட்டிருப்பேன் 😀

ஷிஃப்ட்_பி:
விளையாட்டுக்குக்கூட அதைச் சொல்லாதீங்க அண்ணா. காஸ்டிக் கண்ணுல பட்டா பார்வையே போகும். தெறிக்கற இடத்துக்கான காகிள்ஸ்ல காத்துவழி நேரா இருக்காது, மேல மூடி வெச்சு வளைச்சு விட்டிருப்பாங்க. மரத்தூளுக்குப் போடற ஓட்டைக் காகிள்ஸ் வேற.

கேட்டவருக்கு ஒரு கேள்வி: ஆவி உள்பக்கம் படியுதா, வெளிப்பக்கமா? விரலால தொட்டுப் பாத்துச் சொல்லுங்க.

ஷேடுகார்டு:
பாத்தேங்க. லேப்ல இருந்து வரும்போது பவர் கண்ணாடியில ரெண்டு பக்கமும். டேங்க் பக்கத்துல காகிள்ஸோட உள்பக்கம், பவர் கண்ணாடியிலயும்.

ஷிஃப்ட்_பி:
அப்ப இது ரெண்டு வியாதி, மருந்தும் ரெண்டு.

முதலாவது ஏசி. ஃப்ளோர் 36 டிகிரி, ஈரப்பதம் 60 சதம்னு வெச்சுக்கங்க. அந்தக் காத்துல 27 டிகிரிக்குக் கீழ குளிர்ந்திருக்கிற எது மேலயும் தண்ணி கோக்கும். உங்க கண்ணாடி லேப்ல 24-ல இருந்து வருது. ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்த பாட்டில் வேர்க்கற கதைதான். சூடேறினாத் தானா நிக்கும். அதனால காகிள்ஸை லேப்ல மாட்டாதீங்க, ஃப்ளோர்லயே ஒரு டப்பாவுல வைங்க.

ரெண்டாவது உங்க மூச்சு. மாஸ்க் மூக்குகிட்ட சரியா உக்காரலைன்னா, விடற மூச்சு மொத்தமும் மேல ஏறிக் காகிள்ஸுக்குள்ள அடைஞ்சுக்கும். மாஸ்க் மேல்விளிம்புல இருக்கற கம்பியை ரெண்டு கை விரலாலயும் மூக்கோட வளைச்சு அமுக்குங்க. மூச்சு விடற வால்வு முன்னாடி வெச்ச மாஸ்க் கிடைச்சா இன்னும் நல்லது.

கண்ணாடிக்கடைக்காரன்:
பவர் கண்ணாடிக்கு நான் சொல்றேன். சாதாரண தண்ணியில ரெண்டு சொட்டு பாத்திரம் கழுவற லிக்விட், கையால பூசுங்க, உதறுங்க, காத்துல காய விடுங்க. பளபளன்னு துடைச்சீங்கன்னா பூசினதே போயிரும். சோப்பு இருந்தாலும் தண்ணி படியத்தான் செய்யும், ஆனா பொடிப்பொடி முத்தா நிக்காம மெல்லிசாப் பரவிக்கும். அந்த முத்துதான் வெளிச்சத்தைச் சிதறடிச்சு வெள்ளையாக் காட்டுது. 2011-லயே இங்கிலாந்து ராயல் காலேஜ் ஆஃப் சர்ஜன்ஸ் இதழ்ல, மாஸ்க் போடற டாக்டருங்களுக்கு இந்த முறையை எழுதியிருக்காங்க. சுடுதண்ணி வேண்டாம், கோட்டிங் வெடிக்கும்.

ஷிஃப்ட்_பி:
காகிள்ஸ்ல ஈஎன் 166-ன்னு (கண் பாதுகாப்புக்கான ஐரோப்பியத் தர நம்பர்) இருந்தா, லென்ஸ் ஓரத்துல 'என்' எழுத்து இருக்கான்னு பாருங்க, ஆவி படியாததுன்னு அர்த்தம். 'கே' கீறல் தாங்கறது. ஃப்ரேம்ல '3' இருந்தா திரவத் துளிக்கு ஆனது, உங்களுக்கு அது கட்டாயம். உள்பக்கக் கோட்டிங்கை ஈரத்தோட தேய்க்காதீங்க, கழுவி ஆற விடுங்க. பெயின்ட் தின்னர் பட்டா பாலிகார்பனேட்ங்கற லென்ஸ் பிளாஸ்டிக்ல மயிர்க்கோடு மாதிரி வெடிப்பு விழும்.

ஷேடுகார்டு:
பத்து நாள் ஆச்சுங்க, வந்து சொல்றேன். எங்க காகிள்ஸ்ல '3' இருக்கு, 'என்' இல்லை. ஸ்டோர்ஸ்ல எழுதிக் கொடுத்திருக்கேன். சோப்பு காலைல பூசினா டீ டைம் வரைக்கும் தாங்குது, அப்புறம் மறுபடி பூசணும். முதல் நாள் லிக்விட் அதிகமாப் போட்டு, வேர்வையோட கண்ணுல இறங்கி எரிஞ்சுது, அது என் தப்பு.

நல்லா வேலை செஞ்சது நான் எதிர்பாக்காத ஒண்ணு. வீட்ல கிடந்த மைனஸ் 3.75 பழைய கண்ணாடியைக் காகிள்ஸோட ஃப்ளோர் டப்பாவுலயே போட்டுட்டேன். கதவு தாண்டினதும் மாத்திக்கறேன். ஃப்ளோர் சூட்டுலயே கிடக்கறதால ஒரு சொட்டுகூடக் கோக்கறதில்லை. நம்பர் கொஞ்சம் மங்கல், ஆனாப் படிக்க முடியுது.

மாஸ்க் மேல டேப் ஒட்டிப் பாத்தேன், வேர்வையில பத்து நிமிஷம்கூட நிக்கலை.

பவானிக்கரை:
அந்தப் பழைய கண்ணாடி ஐடியாவை நான் வெல்டிங் கடைப் பையனுக்குச் சொல்லிட்டேன். ஊசி வாபஸ்.